வளைவின் மேல் வெனீர்: மலைப்பட்டறையில் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவின் விளிம்பில் நிற்கும் பழைய பங்களா ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலையில், மரவேலை முழுவதும் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. கதவு, நிலை, கட்டில் என்று நேர்க்கோட்டில் அமைந்தவை எவையும் எங்களைத் தயங்க வைக்கவில்லை. தயங்க வைத்தவை மூன்று. வரவேற்பறைக்குக் கேட்கப்பட்ட அரைவட்ட மேசை ஒன்று. அதன் வெளிவளைவின் ஆரம் 900 மில்லிமீட்டர். அந்த மேசையின் இரு முனைகளும் சுவரை நோக்கித் திரும்பும் இடத்தில் 40 மில்லிமீட்டர் ஆரத்தில் அமைய வேண்டிய உருண்டை மூலைகள் இரண்டாவது. பங்களாவோடு கூடவே கைமாறி வந்த, முகப்பு வில்போல் வளைந்த, மேல்வெனீர் பாதி உதிர்ந்துபோன இழுப்பறைப் பெட்டகம் மூன்றாவது. மூன்றுக்கும் தேக்கு வெனீர் என்பதில் வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த மரத்தோலை விரிசல் விடாமல் வளைவின்மேல் எப்படிப் படியவைப்பது என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தண்ணீரில் ஊறவைக்கலாம் என்றார் ஒருவர்; கிளிசரின் கலவை, இஸ்திரிப் பெட்டி, ஒட்டிய பொருளை உள்ளே வைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பை, விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சும் வஜ்ஜிரப் பசை என்று மற்றவர்கள் அடுக்கினார்கள். ஒவ்வொன்றையும் துண்டு மரத்தில் செய்து பார்த்து, எந்த வேலைக்கு எது என்று முடிவெடுத்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெனீர் இரண்டு வேளைகளில் வெடிக்கிறது. வளைக்கும்போது வெடிப்பது ஒன்று. அது சடசடவென்று காதில் விழும், கண்ணில் படும், அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒட்டி, இழைத்து, பாலிஷ் ஏற்றி, கூலியும் வாங்கிய பிறகு, மாதங்கள் கழித்து நாருக்கு இணையாகத் தலைமயிர் போல விழும் விரிசல் மற்றொன்று. முறைகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் விரிசலை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். நீலகிரியில் பட்டறை வைத்திருப்பவர் இரண்டாவதைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் ஊர் இது. அதே ஊரில் ஜனவரியில் உறைபனி விழுந்து, பகல் காற்று வறண்டு, அறைகளில் கணப்பும் ஹீட்டரும் எரிகின்றன. மரம் இந்த இரண்டு நிலைக்கும் நடுவே ஆண்டுதோறும் விரிந்து சுருங்குகிறது.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், உதகையில் ஒரு விடுதிக்காக ஜூலை மாத மழையில் ஓர் உருண்டை முகப்புக்கு வெனீர் ஒட்டினோம். தகட்டை வெந்நீரில் நனைத்தோம், துணிபோல மடங்கியது, அச்சில் கட்டி, மறுநாள் மேலே தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நினைத்து ஒட்டினோம். பட்டறையில் இருந்த மூத்த ஆசாரி, "தம்பி, இது உள்ள இன்னும் ஈரமாத்தான் இருக்கு. இப்படியே ஒட்டினா பனிக்காலத்துல பிளந்துக்கும்" என்றார். நாள் நெருக்கடியில் நான் கேட்கவில்லை. ஜனவரி இரண்டாம் வாரத்தில் அந்த முகப்பில் ஒன்பது விரிசல்களை எண்ணினேன். முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிக்கொடுத்தோம்.

ஏன் அப்படி ஆனது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது, தேக்கு ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், வளையத்துக்குக் குறுக்கே மையத்தை நோக்கிய திசையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. நாரின் நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. 300 மில்லிமீட்டர் அகலமுள்ள, பூவடிவ ரேகை கொண்ட கிரவுன் கட் தகட்டை நன்றாக நனைத்து, அது 28 விழுக்காடு ஈரத்தில் இருக்கும்போதே ஒட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் அறைச்சூட்டில் 10 விழுக்காட்டுக்கு இறங்கும்போது அது 11 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்க முயலும். அடியில் உள்ள பிளைவுட் நகராது, பசை விடாது, ஆகவே தகடு தன்னைத் தானே கிழித்துக்கொள்ளும். நேர்க்கோட்டு ரேகையுள்ள குவார்ட்டர் கட் தகடாக இருந்தால் அதே நிலையில் சுருக்கம் 5 மில்லிமீட்டருக்குள் நிற்கும். இதனால்தான், வீட்டுக்காரர் பூ ரேகையை விரும்பியபோதும், வளைவான பகுதிகளுக்குக் குவார்ட்டர் கட் தகட்டையே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். அவர் பெரிய மனத்தோடு ஒப்புக்கொண்டார். பூ ரேகை மேசையின் தட்டையான உட்பக்கத்துக்குப் போனது.

வளைக்கும்போது விழும் விரிசலுக்கும் ஒரு கணக்கு உண்டு. தகட்டின் தடிமனை, வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால், வெளிமுகம் எவ்வளவு நீள வேண்டியிருக்கிறது என்பது கிடைக்கும். உலர்ந்த மரம் ஏறத்தாழ 1 விழுக்காடு வரை நீட்சியைத் தாங்கும். அதைத் தாண்டினால் முறியும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் வெனீர் பிளையை, அதாவது முகத்தில் வெனீர் ஏற்கெனவே ஒட்டப்பட்ட பிளைவுட்டை, 900 மில்லிமீட்டர் ஆரத்தில் சுற்றினால் நீட்சி 0.22 விழுக்காடுதான், எந்த வித்தையும் தேவையில்லை. அதே பிளையை 40 மில்லிமீட்டர் மூலையில் திருப்ப முயன்றால் நீட்சி 5 விழுக்காடு. எவ்வளவு நனைத்தாலும் நடக்காது. அரை மில்லிமீட்டர் தனித்தகட்டுக்கு அதே மூலையில் 0.6 விழுக்காடு. எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. மேசை முழுவதையும் வெனீர் பிளையால் முடித்துவிட்டு மூலையில் மட்டும் தனித்தகடு ஒட்டலாமே என்று தோன்றும். இரண்டும் வெவ்வேறு மரத்தில் சீவியவை. நிறமும் ரேகையும் பொருந்தாது, மூட்டு வளைவு தொடங்கும் இடத்தில் கோடாகத் தெரியும். எனவே மேசை முழுவதற்கும் தனித்தகடு என்று முதல் முடிவை எடுத்தோம். மூலை இல்லாத வெறும் அரைவட்டமாக இருந்திருந்தால் நான் வெனீர் பிளையைத்தான் சொல்லியிருப்பேன். வேலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும்.

அடுத்தது நாரின் திசை. நாரை நெட்டுக்குத்தாக நிறுத்தி, தகட்டைப் பாய் சுருட்டுவதுபோல் வளைத்தால், நார் நேராகவே இருக்கும். சிறிய ஆரத்துக்கும் தகடு இணங்கும். நாரைக் கிடையாக வைத்தால் ஒவ்வொரு நாரும் வளைந்தாக வேண்டும். தகடு துள்ளும், எதிர்த்து நிமிரும், சிறிய ஆரத்தில் சிலாம்பு கிளம்பும். ஆனால் நெட்டுக்குத்து நாருக்கு ஒரு விலை உண்டு: சுருக்கம் முழுவதும் வளைவின் சுற்றளவில் வந்து விழுகிறது. இரண்டையும் எடைபோட்டு நெட்டுக்குத்தையே தேர்ந்தோம், குவார்ட்டர் கட் அந்தச் சுருக்கத்தைப் பாதியாக்கிவிடும் என்பதால். தகடுகளின் மூட்டு எதுவும் உருண்டை மூலையின்மேலோ அது தொடங்கும் இடத்திலோ விழாதபடி, ஒரே தகடு மூலை முழுவதையும் கடந்து இருபுறமும் ஒரு சாண் தட்டையில் ஓடும்படி வெட்டிக்கொண்டோம்.

தகட்டுக்கு உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு உண்டு என்பதைப் பலர் பார்ப்பதில்லை. மரத்தைச் சீவும் கத்தி பட்ட பக்கத்தில், நாருக்கு இணையாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்பிளவுகள் இருக்கும். தகட்டை இரு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக வளைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் சற்று எளிதாக இணங்கும். அப்படி இணங்கும்போது வெளியே புடைத்திருக்கும் முகம்தான் நுண்பிளவு உள்ள முகம். புடைப்பான வளைவின்மேல் ஒட்டும்போது அந்த முகம் பசைப்பக்கம் போக வேண்டும். தலைகீழாக ஒட்டினால் அந்தப் பிளவுகள் ஒவ்வொன்றும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பாலிஷ் போட்ட பிறகே தெரியும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, பென்சிலால் ஒரு குறி போட்டால் போதும்.

இனி முறைகளுக்கு வருகிறேன். தண்ணீரும் நீராவியும் மிகப் பழைய வழி. ஈரமான மரத்தில், நார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் இளகத் தொடங்குகிறது. அப்போது மரம் வளைகிறது. சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் 92 அல்லது 93. திறந்த நீராவிப் பெட்டிக்குள் அதற்குமேல் சூடு ஏறாது. மெல்லிய தகட்டுக்கு அந்தச் சூடே போதும், கூடுதலாகச் சில நிமிடங்கள் வைத்தால் சரி. ஆகவே வளைப்பதில் குறை எதுவும் இல்லை. சிக்கல் காயவைப்பதில் இருக்கிறது. சமவெளி வெயிலில் அரை நாளில் வெளியேறும் ஈரம், மழைக்காலக் குன்னூரில் நான்கு நாளானாலும் போவதில்லை. அதோடு, வெந்நீரில் நனைந்த தேக்கு ஓரங்களில் அலைபோல நெளிகிறது. அச்சில் கட்டிக் காயவைத்தாலும் அந்த நெளிவு முழுவதும் நீங்குவதில்லை. நீராவிக்கு இடமுண்டு, ஆனால் வளைத்து, அச்சில் கட்டி, முழுக்கக் காயவைத்து, அதற்குப் பிறகே ஒட்டுவதற்குப் பொறுமையும் நாளும் உள்ளவர்களுக்குத்தான் அது.

காய்ந்ததா என்று அறிய நாங்கள் கையை நம்புவதை விட்டுவிட்டோம். இவ்வளவு மெல்லிய தகட்டில் ஈரமானியின் ஊசியும் சரியாகப் பேசாது. நனைக்கும் முன் தகட்டை ஒரு மின்னணுத் தராசில் நிறுத்து, எடையைத் தகட்டின் ஓரத்திலேயே எழுதிவைக்கிறோம். காய்ந்த பிறகு அந்த எடை திரும்பி வந்தால்தான் பசை. உதகையில் எனக்கு நேர்ந்தது போன்ற இழப்பை இந்த ஒரே பழக்கம் தடுத்திருக்கும்.

இரண்டாவது வழி கிளிசரின் கலவை. நாங்கள் ஐந்து பங்கு தண்ணீர், ஒரு பங்கு கிளிசரின், ஒரு பங்கு ஸ்பிரிட் என்ற அளவில் கலந்து, தகட்டின் இருபுறமும் தூரிகையால் பூசி, மைபடாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் அழுத்துகிறோம். தாளைச் சில மணிக்கொரு முறை மாற்ற வேண்டும். செய்தித்தாளை வைத்தால் மை தகட்டில் ஏறிவிடும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள். தண்ணீர் போன பிறகும் அது நாருக்குள் தங்கி, தகட்டைத் தோல்போல இணக்கமாகச் சில நாள்கள் வைத்திருக்கும். நாலாபுறமும் சுழலும் நாருள்ள, கழலை மரத்தில் சீவிய தகடுகளுக்கும், ஓரம் முழுவதும் அலையாக நெளிந்துபோன தகடுகளுக்கும் இதற்கு ஈடான வழி வேறில்லை என்றே சொல்வேன். ஆனால் நேர்நார்த் தேக்குக்கு இது தேவையற்றது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் அதே குணம், ஈரக்காற்றுள்ள நம் மலையில் எதிரியாகிறது: அளவு கூடினால் தகடு கடைசிவரை குளிர்ந்தே இருக்கும், பசை பிடிக்கத் தாமதமாகும், பாலிஷும் இழுபடும். துணியை மென்மையாக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊறவைப்பவர்களும் உண்டு. வளைகிறது என்பது உண்மை. அது விட்டுச்செல்லும் படலத்தின்மேல் பசையை நம்ப எனக்கு மனம் வரவில்லை, அதனால் அதைச் சோதனையோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது, உலர்சூடு. கிட்டார் செய்பவர்கள் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பக்கப்பலகையைச் சூடான இரும்புக் குழாயின்மேல் அழுத்தி அழுத்தி வளைப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மில்லிமீட்டர் வளையும்போது அரை மில்லிமீட்டர் வளையாதா என்ற எண்ணத்தில்தான் இதில் இறங்கினோம். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றைப் பிடிச்சட்டத்தில் கிடையாகப் பொருத்தி, உள்ளே சூட்டுக்காற்றுத் துப்பாக்கியைச் செருகி, மேலே தெளித்த நீர்த்துளி உருண்டு துள்ளும் சூட்டுக்குக் கொண்டுவருகிறோம். தகட்டின் வெளிமுகத்தில் ஈரத்துணியால் ஒரு முறை மட்டும் துடைத்து, குழாயின்மேல் மெதுவாக உருட்டினால், சில விநாடிகளில் மரம் கைக்குள் தளர்வதை விரல்கள் உணர்கின்றன. அந்தத் தளர்ச்சி வருமுன் அழுத்தக் கூடாது. முழுக் கலையும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. குழாயின் ஆரம் 30; எடுத்ததும் தகடு சற்று விரிந்து 40-க்கு அருகே வந்து நிற்கிறது. உள்ளே புகுந்த சிறிதளவு நீரும் குழாயின் சூட்டிலேயே ஆவியாகிவிடுவதால், தகடு குழாயைவிட்டு இறங்கும்போதே ஏறக்குறைய பழைய எடையில் இருக்கிறது. எங்கள் மலைக்கு இந்த முறையின் பெரிய நன்மை இதுதான்.

இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மரம் இளகும்போது அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையை அவ்வளவாகத் தாங்காது. நன்கு நீராவியூட்டிய மரமே ஓரிரு விழுக்காட்டுக்கு மேல் நீளாது, ஆனால் இருபது விழுக்காட்டுக்கு மேலும் அமுங்கும். ஜெர்மானிய மரவேலைக்காரர் மிக்கேல் தோனெட் 1830-களில் போப்பார்ட் ஊரில் வெனீர்க் கீற்றுகளைப் பசையில் வேகவைத்து வளைக்கத் தொடங்கி, பின்னர் முழுமரத்துக்கு மாறியபோது, வளையும் கம்பின் வெளிப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையை இறுகக் கட்டினார். வெளிப்புறம் நீள முடியாமல் போக, உட்புறம் அமுங்கி வளைவைக் கொடுத்தது. 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி அப்படி வளைத்த கம்புகளால் ஆனது. வெனீருக்கும் இதே நியாயம் பொருந்தும். தகட்டின் வெளிமுகத்தில், வளைவின் போக்கில், பசைத்தாள் நாடாவை நெருக்கமாக ஒட்டிவிட்டால் அந்த நாடா இரும்புப் பட்டையின் வேலையைச் செய்கிறது. சாதாரண மாஸ்கிங் டேப் சூட்டில் இளகி நீண்டுவிடும். அதன் பசையும் தேக்கில் ஊறும். தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புத் தாள் நாடாவே சரியானது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம். நாடா இல்லாமல் குழாயில் வளைத்த பத்துத் துண்டுகளில் மூன்று வெடித்தன. நாடாவோடு வளைத்த பத்தில் ஒன்றும் வெடிக்கவில்லை. பத்துத் துண்டு என்பது பெரிய சோதனை அல்ல என்பதை அறிவேன், ஆனாலும் அதற்குப் பிறகு நாடா இல்லாமல் நாங்கள் வளைத்ததில்லை.

வளைத்தது பாதி வேலைதான். இரண்டாம் விரிசலைத் தீர்மானிப்பது பசை. ரப்பர் சார்ந்த கான்டாக்ட் பசை, தண்ணீரில்லாதது, தொட்ட உடனே பிடிப்பது, கிளாம்ப் கேட்காதது. அதனால் வளைவுக்கு இதைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். ஆனால் அது காய்ந்த பிறகும் ரப்பராகவே இருக்கிறது. தகடு சுருங்க முயலும்போது இறுகிய பசை அதைப் பிடித்து நிறுத்தும், இது நழுவவிடும். நழுவிய சுருக்கம் எல்லாம் பலவீனமான ஓரிடத்தில் சேர்ந்து விரிசலாகத் திறக்கும். லாக்கர் தின்னர் மெல்லிய தகட்டின் வழியே இறங்கினால் கொப்புளமும் எழும். தாள் பின்புறம் உள்ள வெனீருக்கு இந்தப் பசை பரவாயில்லை, தாளே சுருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. தனித்தகட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எபாக்சியும் யூரியா ரெசினும் கல்லாக இறுகும், ஆனால் 20 டிகிரிக்குமேல் சூடு கேட்கும். டிசம்பர் இரவில் பட்டறைக்குள் அந்தச் சூட்டை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் வசதி எங்களிடம் இல்லை.

வெள்ளைப் பசை, அதாவது நாம் பொதுவாக ஃபெவிகால் என்று சொல்லும் பி.வி.ஏ. வகை, குளிரில் ஒரு ஆபத்தைக் கொண்டது: உரிய சூட்டுக்குக் கீழே காய்ந்தால் அது கண்ணாடிபோல் தெளியாமல் சுண்ணாம்புப் பொடிபோல வெளுத்து, வலுவிழந்துபோகிறது. இந்தப் பசையை வழக்கம்போல ஈரத்தோடு ஒட்டி, அச்சில் இறுக்குவது ஒரு வழி. தகடு பசையின் நீரைக் குடித்து விரிந்த நிலையிலேயே பிடிபடும் என்பது அதன் குறை. இன்னொரு வழி, அடிப்பலகையிலும் தகட்டின் உள்முகத்திலும் தனித்தனியே பூசி, தெளிந்து காயும்வரை விட்டு, பிறகு தகட்டைப் பொருத்தி, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி ஒட்டுவது. காய்ந்த இந்தப் பசை சூட்டில் மறுபடி இளகி ஒன்றோடொன்று சேரும் தன்மையுடையது. பசையின் நீர் ஒட்டுவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. தகடு சுருங்க வேண்டியதைப் பெரும்பாலும் பிடிபடுவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறது. வளைவை அங்குலம் அங்குலமாகச் சூடாக்கி, மரக்கட்டையால் தேய்த்துக் குளிரவைத்துக்கொண்டே நகரலாம். அச்சும் வேண்டாம், கிளாம்பும் வேண்டாம். குறை ஒன்று உண்டு: இஸ்திரியின் சூட்டில் தகடு மேலும் சற்றுச் சுருங்குவதால் மூட்டுகள் மயிரிழை அளவு திறக்கும். எனவே மூட்டுகளை முன்பே பொருத்தி வெட்டாமல், ஒன்றன்மேல் ஒன்று 10 மில்லிமீட்டர் ஏறியிருக்கும்படி வைத்து, இருபுறமும் ஒட்டிய பிறகு ஏறிய இடத்தில் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, கீழ்த்துண்டை எடுத்துவிட்டு, கடைசியில் மூட்டை மட்டும் சூடாக்குகிறோம். பூசும்போது தகடு ஒருபுறம் சுருண்டுகொள்ளாமல் இருக்க மறுபுறத்தில் நீரைப் பனிபோல் தெளித்தால் போதும்.

அழுத்தம் கொடுக்கும் வழிகளில் வேக்குவம் பைதான் மிகுந்த ஆசையைத் தூண்டுவது. பை என்பது உண்மையில் வெளிக்காற்றின் எடையைக் கடன் வாங்கும் கருவி. கடல்மட்டத்தில் ஒரு சதுர அடிக்கு 960 கிலோ அளவுக்கு அழுத்தும் காற்று, குன்னூரில் 770 கிலோவுக்கும் உதகையில் 730 கிலோவுக்கும் மேல் அழுத்தாது. எந்தப் பம்பை வாங்கினாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. மெல்லிய தகட்டை ஒட்ட இதுவே தேவைக்கு அதிகம் என்பதால், மலையில் வேக்குவம் வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல அடுக்குத் தகடுகளைச் சேர்த்து ஒட்டி வளைந்த பலகையே செய்பவர்கள் மட்டும் இந்தக் குறைவைக் கணக்கில் கொள்ள வேண்டும். எங்கள் தயக்கம் வேறு: பைக்குள் ஈரம் வெளியேற வழியில்லை, குளிரில் ஆறு மணி நேரமாவது உள்ளேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது, ஒரே ஒரு மேசைக்காகப் பம்ப் வாங்குவது கட்டுப்படியாகாது. உருண்டைத் தூண்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை நீளக் கீற்றுகளாக வெட்டி இறுகச் சுற்றுவதும், இருதிசையிலும் வளைந்த பரப்புக்குச் சட்டியில் சூடாக்கிய மணலைக் கேன்வாஸ் பையில் நிரப்பி ஏற்றிவைப்பதும் காசில்லாமல் பைக்கு நிகரான வேலையைச் செய்யும். மணல் சூட்டையும் எடையையும் சேர்த்தே கொடுப்பதால் குளிர்நாளில் பசைக்கும் அது நல்லது.

ஆக, மேசைக்கும் மூலைக்கும் உலர்சூட்டில் முன்கூட்டி வளைத்து, காய்ந்த வெள்ளைப் பசையை இஸ்திரியால் இளக்கி ஒட்டும் முறையைத் தேர்ந்தோம். அடித்தளமாக வளையும் பிளைவுட்டை இரண்டு அடுக்காக மரச்சட்டத்தின்மேல் பொருத்தினோம். பிளைவுட்டின் பின்புறத்தில் வரிவரியாக ரம்பம் ஓட்டி வளைக்கும் மாற்றுவழி மலிவானது என்றாலும், அந்த வரிகள் காலப்போக்கில் வெனீரின்மேல் பட்டைபட்டையாகத் தெரிந்துவிடும். தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய் பசையை மறுக்கும் என்பதால், பூசுவதற்கு முன் தின்னர் நனைத்த துணியால் உள்முகத்தைத் துடைத்தோம்.

பெட்டகத்துக்கு இந்த முடிவு பொருந்தவில்லை. அதில் உதிராமல் எஞ்சியிருந்த பழைய வெனீர் வஜ்ஜிரத்தில் ஒட்டப்பட்டது. பழைய வஜ்ஜிரத்தின்மேல் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. புதிய வஜ்ஜிரமோ பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். முகப்பின் வளைவும் மென்மையானது, தனித்தகடு உலர்ந்த நிலையிலேயே அதன்மேல் படிந்து உட்கார்ந்தது. இளக்க வேண்டிய தேவையே எழவில்லை. எனவே 60 டிகிரியில் இளக்கிய வஜ்ஜிரத்தைப் பூசி, தகட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, அடிக்காமல் அழுத்தித் தேய்க்கவே பயன்படும் வெனீர்ச் சுத்தியலால் தள்ளித் தள்ளிப் பசையை வெளியேற்றினோம். வஜ்ஜிரம் 35 டிகிரிக்குக் கீழே கூழாக உறையத் தொடங்குவதால், குளிர்காலக் காலையில் நாம் தேய்த்து முடிப்பதற்குள் அது உறைந்துவிடுகிறது. அடிப்பலகையைக் கணப்பருகே வைத்துக் கதகதப்பாக்கிவிட்டே தொடங்க வேண்டும். நாளை யாராவது இந்தப் பெட்டகத்தைப் பழுதுபார்க்க நேர்ந்தால் வெந்நீரும் சூடும் கொண்டு தகட்டை முழுதாகக் கழற்றிவிட முடியும். பழைய பொருளுக்கு அந்த உரிமையை விட்டுவைப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

எந்த முறையை எடுத்தாலும் நாளைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மழை மிகுதி. கோயம்புத்தூரில் வாங்கி மேட்டுப்பாளையம் வழியே மலையேறும் தகடு, பட்டறையில் திறந்து கிடந்தால் சில நாள்களில் இந்த ஈரத்தைக் குடித்து விரிந்துவிடும். நாங்கள் தகட்டை பாலித்தீனில் சுற்றியபடியே, கணப்பு எரியும் அறையில் இரு பலகைகளுக்கு நடுவே வைத்திருந்து, ஒட்டும் நாளன்றே பிரிக்கிறோம். அது அறையின் மிக வறண்ட நாளுக்கு நெருக்கமான நிலையில் பிடிபட்டால், பின்னர் வரும் மழையில் விரிய முயன்று பசையால் அடக்கப்படும். அடக்கப்பட்ட விரிவு விரிசலாகாது, சுருக்கமே விரிசலாகும்.

ஒட்டிய மேசையை இரண்டு வாரம் பாலிஷ் இல்லாமல் நிற்கவிட்டோம். வீட்டுக்காரர் அவசரப்பட்டார், அந்த இரண்டு வாரத்தில் ஒரு மூட்டில் நகம் நுழையும் அளவு இடைவெளி தோன்றியதைக் காட்டி, இஸ்திரியால் அங்கேயே அடைத்தபோது ஏற்றுக்கொண்டார். பாலிஷ் ஏற்றிய பிறகென்றால் அதை அடைக்க முடிந்திருக்காது. ஒப்படைக்கும்போது ஒன்றை மட்டும் எழுதிக்கொடுத்தோம்: அறை ஹீட்டரை மேசையின் உருண்டை மூலைகளுக்கு எதிரே வைக்க வேண்டாம், குறைந்தது ஆறடி தள்ளி, தட்டையான பக்கம் நோக்கி வையுங்கள்.